இங்க யாருக்கும்மா பொறந்தநாளு?

அன்புள்ள அக்கா,

வீட்டில் கேக் செய்து வாரச்சந்தையில் விற்ற கதையை நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துத்தான் எனக்கும் துணிச்சல் வந்தது. எங்கள் ஊரில் சனிக்கிழமை சந்தை. மூன்று வாரமாகக் கடை போடுகிறேன். அரைக் கிலோ க்ரீம் கேக் ஆறு கொண்டுபோனால் ஒன்று விற்கிறது. மதியத்துக்குள் க்ரீம் வழிந்து ரோஜாப்பூவெல்லாம் குழம்பாகிவிடுகிறது. பக்கத்துக் கடை கருவாட்டுக்காரர், "இங்க யாருக்கும்மா பொறந்தநாளு?" என்று சிரிக்கிறார். பேசாமல் வீட்டிலிருந்தே ஆர்டர் எடு என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

சி.,
திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சி.,

கருவாட்டுக்காரர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். எனக்கு அதைக் கேட்க ஆள் இல்லாமல் இரண்டு மாதம் வீணாயிற்று.

நம் ஊரில் கேக் என்றால் மெழுகுவர்த்தி, கத்தி, கைதட்டல். அதை வாங்க ஒரு தேதி வேண்டும். சந்தைக்கு வருகிறவருக்கு அப்படி ஒரு தேதியும் இல்லை. பையில் கத்தரிக்காயும் சின்ன வெங்காயமும் கனக்கின்றன, பஸ்ஸுக்கு நேரமாகிறது, வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கையைப் பார்க்கும். அதற்காகத்தான் கிளம்பும்போது நூறு கிராம் சேவு, ஒரு படி பொரி என்று வாங்கிக்கொள்கிறார். உங்கள் கேக் அந்தச் சேவுக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். ஒரு கையில் அடங்க வேண்டும், பஸ் நெரிசலில் நசுங்கக் கூடாது, விலை கேட்டதும் முகம் சுருங்கக் கூடாது.

அதனால் க்ரீமை விடுங்கள். க்ரீமில் இருக்கிற வெண்ணெய் 32 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். விப்பிங் க்ரீமுக்கோ ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்தாலே ஆயுள் குறைவு. சித்திரை வெயிலில் தார்ப்பாய்க்குக் கீழே அதைக் காப்பாற்ற நம்மால் ஆகாது. மேலே க்ரீம் இல்லாத வெண்ணெய் கேக், வாழைப்பழக் கேக், ரவை கேக், இவை மூன்றும் தாங்கும். சிறுமலைப் பழம் உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. நன்றாகக் கனிந்து தோல் கறுத்துப்போனதைக் கடைக்காரர் விலை குறைத்தே தருவார், கேக்குக்கு அதுதான் ருசி. அதில் வெண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றினால் மறுநாளும் மெத்தென்று இருக்கும், செலவும் குறையும்.

விலையை நீங்கள் எழுதவில்லை. பேக்கரியைப் பார்த்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நானும் அப்படித்தான் வைத்தேன். ஒரு வெண்ணெய் கேக்குக்கு என் நோட்டில் இருந்த கணக்கு இது. வெண்ணெய், சர்க்கரை, மைதா கால் கிலோ வீதம், முட்டை ஐந்து. வெண்ணெய் 150, சர்க்கரையும் மைதாவும் சேர்ந்து 26, முட்டை 35, எசன்ஸ், பேக்கிங் பவுடர் 10, கரண்ட், பட்டர் பேப்பர் எல்லாம் 39. ஆக 260 ரூபாய். வெந்து இறங்கும்போது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், அதில் 18 துண்டு. துண்டு 25 ரூபாய் என்றால் 450 கிடைக்கும். ஐந்து கேக் கொண்டுபோய் எல்லாம் விற்றால் 950 மிச்சம். அதில் சந்தைக் குத்தகைக்காரருக்குச் சுங்கம் 50, ஆட்டோ 200. கையில் 700 நிற்கும். பத்துத் துண்டு மிஞ்சினால் அது 450 ஆகிவிடும், வெள்ளிக்கிழமை ராத்திரி நின்ற கால்வலி தனி. இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

அப்புறம் முட்டை. "முட்டை போட்டதா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். உங்கள் சந்தை சனிக்கிழமை வேறு. புரட்டாசியில் நாலைந்து சனியும் முட்டைக் கேக்கை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட வீடுகள். ஒரு கப் கெட்டித் தயிரில் அரை டீஸ்பூன் சமையல் சோடாவைப் போட்டால் நுரைத்துக்கொண்டு எழும், முட்டையின் வேலையில் பாதியை அது பார்த்துக்கொள்ளும். முட்டை போட்டதையும் போடாததையும் தனித்தனித் தட்டில் வையுங்கள், கத்தியும் தனி. ஒரு பாட்டி என் கத்தியைப் பார்த்துவிட்டு வாங்காமலே போனார். அவர் மேல் தப்பே இல்லை.

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை வாங்கிவிடுங்கள். சின்ன வியாபாரத்துக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். 2011 விதிப்படி அதற்கு வரம்பு ஆண்டு விற்பனை 12 லட்சம், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று இருந்தது. நான் எடுத்தபோது அதுதான், இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கவரில் அடைத்து விற்பதானால் அந்தப் பதிவின் 14 இலக்க எண்ணும் தேதியும் சேர்மானமும் மேலே இருக்க வேண்டும். முட்டை சேர்த்தால் பழுப்பு முக்கோணம், இல்லாவிட்டால் பச்சைப் புள்ளி. பழைய நியூஸ்பேப்பரில் மட்டும் மடித்துக் கொடுக்காதீர்கள், அந்த மை கேக்கில் ஒட்டும்.

உங்கள் கணவர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான், ஆனால் யார் ஆர்டர் கொடுப்பார்கள்? என் ஆர்டர்களில் முக்கால்வாசி, சந்தையில் 25 ரூபாய்த் துண்டு தின்றவர்களிடமிருந்து வந்தவை. க்ரீம் ரோஜாப்பூவை அவர்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. குத்தகைக்காரரிடம் கேட்டு இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சந்தையை விட்டு வெளியே போகிற வழியில், பொரிக்கடைப் பக்கம் கிடைத்தால் நல்லது. கருவாட்டுக்காரர் நல்ல மனுஷராக இருக்கலாம், ஆனால் வெண்ணெய் பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு வாரம் பாதிக்கு மேல் விற்காமல் திரும்பி, ராத்திரி டீயோடு ஒரு துண்டை வாயில் போட்டபோதுதான் எனக்கு அது தெரிந்தது. நெத்திலி.

அன்புடன்,
அக்கா