46,500 யூரோவும் ப்ளூ கார்டும்: கோவைத் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோவையில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, பம்பு தயாரிக்கும் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறீர்கள். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 46,500 யூரோ சம்பளத்தில் வேலை தர முன்வந்திருக்கிறது. அதில் 2,000 யூரோ ஆண்டு இறுதி போனஸ். கையெழுத்துப் போடலாமா, பட்டம் பெற்ற வெளிநாட்டவர் அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதியான ப்ளூ கார்டு நிச்சயமாகக் கிடைக்குமா, விசாவை முடித்துத் தர மூன்று லட்சம் கேட்கும் ஏஜென்ட்டை நம்பலாமா, மனைவி ஜெர்மனியில் வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த ஒப்பந்தம் இப்போது இருக்கிற நிலையில் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளத்தைத் திருத்தி வாங்கிக்கொண்டு போடுங்கள் என்கிறேன்.

ப்ளூ கார்டுக்கு ஜெர்மன் அரசு ஒவ்வோர் ஆண்டும் குறைந்தபட்சச் சம்பளம் ஒன்றை நிர்ணயிக்கிறது. 2026ஆம் ஆண்டுக்கு அது 50,700 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு மட்டும் சற்றுக் குறைவு: 45,934 யூரோ 20 சென்ட். பொறியாளர்கள் இந்தப் பற்றாக்குறைப் பட்டியலில் வருகிறார்கள். 46,500 இந்த எல்லையை ஒட்டினாற்போல் தாண்டி நிற்பதைப் பார்த்து நீங்கள் நிம்மதி அடைந்திருப்பீர்கள். ஆனால் கணக்கில் சேர்வது உறுதியாகக் கொடுக்கப்படும் சம்பளம் மட்டும்தான். லாபத்தைப் பொறுத்து, மேலாளரின் மதிப்பீட்டைப் பொறுத்து வரும் போனஸ் சேராது. உங்கள் 2,000 யூரோ அந்த வகை என்றால், விசா அதிகாரியின் கண்ணுக்கு உங்கள் சம்பளம் 44,500. கீழ் எல்லையையே தொடவில்லை.

போனஸை நிலையான சம்பளமாக மாற்றி எழுதித் தருகிறோம் என்று அவர்கள் சொல்லலாம். அப்போதும் அவசரப்பட வேண்டாம். கீழ் எல்லை வழியாகப் போகிறவர்களுக்கு ஜெர்மன் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவை. இதே வேலைக்கு, இதே ஊரில், இதே அனுபவமுள்ள ஜெர்மானியருக்கு என்ன சம்பளம் கிடைக்கிறதோ அது உங்களுக்கும் கிடைக்கிறதா என்று அந்த முகமை பார்க்கும். ஷ்டுட்கார்ட் வட்டாரம் இயந்திரத் தொழிலின் தாய்வீடு. தொழிற்சங்க ஊதிய ஒப்பந்தம் உள்ள நிறுவனங்களில் உங்களைப் போன்ற பொறியாளருக்கு இதைவிட நன்றாகவே கொடுக்கிறார்கள். அதனால் முகமை 'குறைவு' என்று திருப்பி அனுப்ப இடம் இருக்கிறது. 50,700க்கு மேல் இருந்துவிட்டால் அந்த ஒப்புதலே தேவையில்லை. ஒரு படி முழுதாகக் குறைந்துவிடும். ஆகவே 51,500 கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். விசா விதியைக் காரணம் காட்டியே எழுதலாம். இந்த ஊர் மனிதவளத் துறையினர் எண்ணும் காரணமும் சேர்ந்த கடிதத்தை மதிப்பார்கள். சுற்றி வளைத்து எழுதினால்தான் குழம்புவார்கள்.

அவர்கள் அசைந்து கொடுக்கவே இல்லை என்றால், ப்ளூ கார்டு அல்லாத இன்னொரு விசா இருக்கிறது. பட்டம் பெற்ற பணியாளருக்கான சாதாரண வேலை விசா அது. 45 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதில் குறிப்பிட்ட சம்பள எல்லை கிடையாது, ஆனால் முகமையின் ஒப்புதல் தேவை. நிரந்தர வசிப்பு உரிமைக்கு அதில் மூன்று ஆண்டுகள் ஆகும். ப்ளூ கார்டில் 27 மாதங்கள் போதும். ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வில் தேறியிருந்தால் 21 மாதங்கள். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது வேலை போகும் நாளில்தான் தெரியும். அதை அப்புறம் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தில் அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது வேலையின் பெயரும் விவரமும். படித்த படிப்புக்கு ஏற்ற வேலையாக இருந்தால்தான் ப்ளூ கார்டு. வடிவமைப்புப் பொறியாளர் என்று பேசி முடித்துவிட்டு, தாளில் 'இயந்திர இயக்குநர்' என்றோ 'தொழில்நுட்ப உதவியாளர்' என்றோ எழுதியிருந்தால் விண்ணப்பம் அங்கேயே தடுக்கி விழும். ஒப்பந்தத்தோடு, வேலை பற்றிய உறுதிமொழிப் படிவம் ஒன்றையும் நிறுவனம் நிரப்பித் தர வேண்டும். இரண்டிலும் வேலையின் பெயர், வார வேலை நேரம், சம்பளம் மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று நீங்களே உட்கார்ந்து ஒத்துப் பாருங்கள். வேறு யாரும் உங்களுக்காக இதைப் பார்க்க மாட்டார்கள்.

பட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை ஜெர்மனி எப்படி மதிக்கிறது என்பதை அனாபின் என்ற இணையத் தரவுத்தளத்தில் யாரும் பார்க்கலாம். நீங்கள் படித்த கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது என்பதால், கல்லூரிப் பெயரைத் தேடாமல் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். அங்கீகாரம் உண்டு என்பதைக் காட்டும் 'எச் பிளஸ்' என்ற குறி இருக்கும். பட்டத்தின் பெயரையும் தனியாகத் தேடி, இரண்டு பக்கங்களையும் அச்செடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள். பட்டம் அங்கே தென்படாதவர்கள்தான் பான் நகரில் உள்ள மைய அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும்; அதற்குக் கட்டணம் 200 யூரோவுக்குச் சற்றே மேல்.

பட்டத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது நம் பெயர்கள். கடிதத்தின் அடியில் தலைப்பெழுத்தும் பெயருமாகக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். பட்டச் சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகியிருக்கும், அல்லது குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாகக் கிடக்கும். ஜெர்மன் கணினியில் அந்தக் கட்டம் காலியாக இருக்கவே கூடாது. இங்கே ஓர் அலுவலகத்தில், நம் ஊர்ப் பெண் ஒருத்திக்கு உதவியாகப் போயிருந்தேன். அதிகாரி பாஸ்போர்ட்டில் ஒரு விரலையும் சான்றிதழில் ஒரு விரலையும் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக நகர்த்திப் பார்த்தார். "இந்த ஒற்றை எழுத்து யார்?" என்று கேட்டார். அப்பா என்று சொன்னோம். "அப்படியானால் இவர் பெயர் எது?" என்றார். அவர் குறை சொல்லவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். அந்தப் பெண்ணிடம் இரண்டு பெயர்களும் ஒரே ஆளுடையவை என்ற உறுதிமொழிப் பத்திரம் கைவசம் இருந்ததால் பிழைத்தோம். நீங்களும் பாஸ்போர்ட், பட்டம், அனுபவச் சான்று, திருமணச் சான்று நான்கையும் மேசை மேல் வரிசையாகப் பரப்பிப் பெயர்களைப் பாருங்கள். திருத்தம் வேண்டியிருந்தால் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இங்கே வந்தபிறகு பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றினால், வங்கி, காப்பீடு, வரி, வசிப்பு அட்டை என்று அத்தனை இடத்திலும் மாற்ற வேண்டியிருக்கும்.

இப்போது ஏஜென்ட் கதைக்கு வருகிறேன். மூன்று லட்சம் கொடுக்காதீர்கள், தம்பி. வேலையை நீங்களே தேடிப் பிடித்துவிட்டீர்கள். மீதி இருப்பது ஓர் இணைய விண்ணப்பமும், விசா விண்ணப்பங்களை வாங்கும் சென்னை விஎஃப்எஸ் மையத்தில் கைரேகையும் அசல் தாள்களும்தான். நீண்டகால விசாவுக்குத் தூதரகக் கட்டணம் 75 யூரோ. அதன்மேல் மையத்தின் சேவைக் கட்டணம். விரைவாக வேண்டும் என்றால் அதற்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. உங்கள் சார்பில் நிறுவனம் இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விரைவு நடைமுறைக்கு விண்ணப்பித்து, முன் ஒப்புதல் வாங்கி உங்களுக்கு அனுப்பலாம். இதைச் செய்ய முடியுமா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். விசா 'உறுதி' என்று சொல்ல உலகத்தில் எந்த ஏஜென்ட்டுக்கும் அதிகாரம் கிடையாது. அதைவிட மோசம், அனுபவச் சான்றில் ஓர் ஆண்டைக் கூட்டிக் காட்டலாம் என்று இவர்களில் சிலர் சொல்லித் தருவது. பொய்த்தாள் பிடிபட்டால் அந்த மறுப்பு உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஏஜென்ட்டின் பெயர் எங்குமே வராது. கடன் வாங்கி இப்படிப் பணத்தைக் கட்டிவிட்டு நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

மனைவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல செய்தி இது. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு ஜெர்மன் தேர்வுச் சான்று இல்லாமலே விசா உண்டு. வந்த நாளிலிருந்து எந்த வேலைக்கும் போகலாம். இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். திருமணத்தை இன்னும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள். மண்டபத்துப் புகைப்படமும் அழைப்பிதழும் எடுபடாது. ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு. அவர் வணிகவியல் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு அலுவலக வேலைக்கு இங்கே ஜெர்மன் இல்லாமல் நடக்காது. பல பெண்கள் பெரிய படிப்பை வைத்துக்கொண்டு நான்கு சுவருக்குள் இரண்டு குளிர்காலம் கழித்துவிட்டு, அப்புறம் வகுப்புக்குப் போகிறார்கள். அது வேண்டாம். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் இரண்டு பேரும் சேர்ந்து ஜெர்மன் மொழியின் தொடக்க நிலைகளான ஏ1, ஏ2 முடித்துவிடுங்கள். உங்களுக்கும் அது தேவை. அலுவலகக் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கலாம். வீட்டுக்காரரும் மருத்துவரின் உதவியாளரும் தபாலில் வரும் அரசுக் கடிதங்களும் ஜெர்மன்தான்.

கைக்கு எவ்வளவு வரும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 46,500 என்பது மாதம் 3,875. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, பராமரிப்புக் காப்பீடு, வருமான வரி எல்லாம் போகத் தனி ஆளாகப் பதிவானால் 2,500 யூரோ வட்டத்தில் நிற்கும். மனைவி இங்கே உடன் வசித்தால் எவ்வளவு வரி பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் வரி வகுப்பை மாற்றிக்கொண்டு மாதம் ஏறக்குறைய 300 கூட்டலாம். முகவரிப் பதிவின்போது மதம் என்ன என்று ஒரு கேள்வி வரும். நீங்கள் கத்தோலிக்கரோ புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவரோ என்றால், வருமான வரியில் 8 விழுக்காடு திருச்சபை வரியாகவும் பிடிப்பார்கள். மற்றவர்களுக்கு அது இல்லை.

இந்தப் பணத்தில் முதலில் அடிபடுவது வீடு. ஷ்டுட்கார்ட்டில் வீடு கிடைப்பது கடினம். முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். கதவைத் திறந்தால் சமையலறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குழாய்முனைகளும் ஒரு மின்கம்பியும் மட்டும் இருக்கும். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் குடியேறுகிறவர் வாங்கிப் பொருத்திக்கொள்வது இங்கே வழக்கம். அதனால் முதல் சில மாதங்களுக்கு நிறுவனமே தங்குமிடம் தருமா என்று சம்பளப் பேச்சிலேயே சேர்த்துக் கேளுங்கள். அந்த இடத்தில் முகவரிப் பதிவு செய்ய வீட்டு உரிமையாளரின் சான்று தருவார்களா என்பதும் முக்கியம். குடியேறி இரண்டு வாரங்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வரி எண், வசிப்பு அட்டை எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

வேலை போனால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். இதை மறைத்துவிட்டு வாருங்கள் வாருங்கள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வட்டாரம் கார் தொழிலை நம்பி வாழ்வது. அந்தத் தொழில் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2025 செப்டம்பரில் கார் உதிரிபாகம் செய்யும் போஷ் நிறுவனம் 13,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதன் அதிர்வு சிறிய உதிரிபாக நிறுவனங்கள் வரை வந்துவிட்டது. உங்கள் நிறுவனம் யாருக்குப் பொருள் தருகிறது என்று நேர்காணல் எடுத்தவரிடமே கேளுங்கள். மருத்துவக் கருவி, உணவுப் பொதி இயந்திரம், பம்பு என்றால் எனக்கு நிம்மதி. முழுக்க பெட்ரோல் என்ஜின் பாகம் என்றால் யோசியுங்கள். முதல் ஆறு மாதம் பொதுவாகத் தகுதிகாண் பருவம். அதில் இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம். ப்ளூ கார்டு வைத்திருப்பவருக்கு வேலை போனால் புதிய வேலை தேட மூன்று மாத அவகாசம் எதிர்பார்க்கலாம். 12 மாதம் வேலையின்மைக் காப்பீடு கட்டியிருந்தால்தான் உதவித்தொகையும் உண்டு. நிரந்தர வசிப்பு உரிமை கைக்கு வந்துவிட்டால் இந்தப் பயம் முழுதாக விலகும். 21 மாதத்துக்கும் மூன்று ஆண்டுக்கும் உள்ள தூரத்தை நான் அழுத்திச் சொன்னது இதனால்தான்.

வேலை மாறுவது முன்பைவிட எளிது. 2013இல் நான் வந்தபோது வசிப்பு அட்டையோடு மடித்த பச்சைத் தாள் ஒன்று தருவார்கள். அதில் நிறுவனத்தின் பெயரும் வேலையின் பெயரும் அச்சாகியிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு அனுமதி கேட்காமல் நிறுவனம் மாற முடியாமல் இருந்தது. 2023 நவம்பர் முதல், முதல் 12 மாதங்களில் மாறினால் அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும். ப்ளூ கார்டு நிபந்தனைகளுக்குப் பொருந்தாத வேலையாக இருந்தால் மட்டும் அவர்கள் தடுக்கலாம்.

நிறுவனத்துக்கு எழுத வேண்டியது மூன்றே செய்திகள்: நிலையான சம்பளம் 51,500, விரைவு நடைமுறைக்கு அவர்கள் விண்ணப்பிப்பது, பதிவு செய்யக்கூடிய தற்காலிகத் தங்குமிடம். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள், ஜெர்மனில் மாற்றித் தருகிறேன். மறுமொழியோடு திருத்திய ஒப்பந்தம் வந்ததும் அதன் ஜெர்மன் பிரதியில் வேலை விவரம் உள்ள பக்கத்தையும் அனுப்புங்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன், அதன்பிறகு கையெழுத்துப் போடலாம்.

அன்புடன்,
அக்கா