வாசகர் கேள்வி – பதில்: கிளினிக்குக்கு முந்தைய மூன்று நாட்கள்

கேள்வி: எனக்கு 63 வயது; ஓய்வுபெற்ற ஆசிரியை. பதினொரு ஆண்டுகளாகச் சீனி வருத்தத்துக்கு மெற்போமினும் இன்னொரு குளிசையும் எடுத்து வருகிறேன். கிளினிக் நாளில் வெறும் வயிற்றில் பார்க்கும் சீனி எப்போதும் 120க்குள்தான் இருக்கும். கடந்த முறை 118. ஆனால் எச்.பி.ஏ.1.சி. 9.2 என்று வந்ததால், வைத்தியர் இன்சுலின் தொடங்குவது பற்றிப் பேசுகிறார். ஒளிக்காமல் எழுதுகிறேன்: கிளினிக்குக்கு முந்தைய மூன்று நாட்களும் சோற்றையும் பிட்டையும் தொடமாட்டேன். சோதனையில் பிழை இருக்குமா? இன்சுலினைத் தொடங்கினால் பிறகு விடவே முடியாது என்று அயலவர்கள் சொல்வது உண்மையா?
– வாசகி, உப்புவெளி

பதில்: நீங்கள் ஒளிக்காமல் எழுதிய அந்த ஒரு வரியில்தான் விடயமே இருக்கிறது. குருதியின் சிவப்பணுக்களில் உள்ள ஈமோகுளோபினில் எவ்வளவு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதையே எச்.பி.ஏ.1.சி. சொல்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் பதிந்திருக்கும். மூன்று நாள் பத்தியத்துக்கு அது அசைந்து கொடுக்காது. 9.2 சதவீதம் என்றால், இரவும் பகலுமாகச் சேர்த்துச் சராசரியாக ஒரு டெசிலீற்றர் (100 மில்லிலீற்றர்) குருதியில் ஏறத்தாழ 217 மில்லிகிராம் சீனியுடன் உங்கள் உடல் நடமாடியிருக்கிறது என்று பொருள். கடுமையான இரத்தசோகை, அண்மையில் இரத்தம் ஏற்றியமை, தலசீமியா போன்றவை இந்த அளவைப் பிறழச் செய்யக்கூடும். அப்படி ஏதேனும் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால், அவர் நம்ப வேண்டியது 118ஐ அல்ல, 9.2ஐத்தான்.

இப்படிச் செய்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. வரிசையில் பலர் முன்னிலையில் ஏச்சு வாங்கக் கூடாது என்ற கூச்சம் பலருக்கு உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நல்ல எண்ணை நம்பி, மருந்தின் அளவை மாற்றாமலே பல ஆண்டுகள் போயிருக்கலாம். அடுத்த முறை வழக்கமான சாப்பாட்டுடனேயே போங்கள். மூன்று நாள் பத்தியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால், வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பதை நிறுத்தி, வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவையும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு தடவையும் பார்த்து, பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்றும் கொப்பியில் எழுதுங்கள். ஒரு நாள் வழக்கம்போல் அரிசிமாப் பிட்டும் சொதியும். இன்னொரு நாள் அதில் பாதிப் பிட்டு, நிறையக் கீரை, ஒரு துண்டு மீன். இந்த இரண்டு எண்களையும் அருகருகே பார்த்தால், குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம், பனங்கட்டி சீனியல்ல என்ற பேச்சுகளைக்கூட நீங்களே சோதித்துவிடலாம். (பனங்கட்டியும் சீனிதான்.) பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரையும், பின் 180க்குக் கீழும் இலக்காகச் சொல்லப்படுகிறது; உங்கள் வயதுக்கும் மற்ற நோய்களுக்கும் ஏற்ற இலக்கை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். கொப்பியைப் பார்த்து நீங்களாகக் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இன்சுலினைப் பற்றி: இந்த நோயில் காலப்போக்கில் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போவது இயல்பு. ஆகவே அது தேவைப்படுவது உங்கள் தோல்வியும் அல்ல, கடைசிக் கட்டமும் அல்ல. சிலருக்குச் சீனி கட்டுப்பட்ட பின் அளவைக் குறைத்திருக்கிறார்கள், நிறுத்தியும் இருக்கிறார்கள். பலருக்குத் தொடர்ந்து தேவைப்படும். 1921இல் ரொறன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் இதைப் பிரித்தெடுக்கும் வரை, முதலாம் வகை நீரிழிவு (கணையம் இன்சுலினைச் சுரக்காமலே போகும் வகை) வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் உயிரோடு வைத்திருப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. இன்று அதற்கு நாம் பயப்படுவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கும். தொடங்குவதானால், ஊசி போடும் முறையைத் தாதியிடம் ஒரு தடவை பார்த்துவிட்டு வராமல், அவர் முன்னால் நீங்களே போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: என் கணவர் இரவில் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். கிளிக்லசைட் குளிசை போட்டுக்கொண்டு போனால், சில இரவுகளில் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்க்கிறது என்கிறார். இது களைப்பா?
– வாசகி, திருக்கடலூர்

பதில்: சகோதரி, களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், சீனி 70க்குக் கீழே இறங்குவதன் அறிகுறிகள் இப்படித்தான் இருக்கும். கிளிக்லசைட், சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. அதைப் போட்டபின் சாப்பாடு பிந்தி, இரவெல்லாம் வலையும் இழுத்தால் சீனி விழும். நடுக்கடலில் மயங்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீர் படாமல் பொலித்தீனில் முடிந்து சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். நடுக்கம் தொடங்கியதும் அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கட்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் அதே அளவு. தெளிந்தபின் பிஸ்கற்றோ சோறோ சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. உடனே கரைக்கும், அங்கிருந்து வைத்தியசாலைக்கும் கொண்டுவர வேண்டும். கூடப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கட்டும். இந்த வாரமே கிளினிக்குக்குப் போய், தொழிலுக்குப் போகும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் சொல்லுங்கள். குளிசையின் நேரத்தையும் அளவையும் அவர்கள் மாற்றித் தருவார்கள், அல்லது வேறு மருந்து தருவார்கள்.

கேள்வி: சீனி வருத்தம் உள்ள என் மாமியாரை ஆடி அமாவாசைக்குக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போகலாமா? அவருக்குப் பாதம் விறைத்திருக்கும்.
– வாசகர், தம்பலகாமம்

பதில்: தாராளமாகப் போகலாம். ஏழு கிணறுகளிலும் வெப்பம் ஒன்றுபோல் இராது. விறைத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. ஆகவே வாளித் தண்ணீரை முதலில் உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். வெயிலில் கொதிக்கும் தரையில் வெறுங்காலுடன் நடக்க விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்தி, உள்ளங்காலில் கொப்புளமோ சிவப்போ இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இருந்தால் மஞ்சள் பூசிக்கொண்டிருக்காமல் மறுநாளே வைத்தியரிடம் காட்டுங்கள்.