வீட்டுக்குப் பக்கத்தில் உயர் அழுத்த மின்கம்பி: கேள்வி பதில்

உயர் அழுத்த மின்தடங்களுக்கு வழி வகுக்கும் வேலையில்தான் என் பணிக்காலம் முழுக்கக் கழிந்தது. வீட்டருகே லைன் வருவதை எதிர்க்கும் நண்பர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் தெருவுக்குப் பின்னால் 400 கே.வி. லைன் வரப்போகிறது. குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும் என்கிறார்கள். உண்மையா?

இந்தப் பயம் 1979-ல் தொடங்கியது. அமெரிக்காவின் டென்வர் பகுதியில் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகளையும், அவற்றை ஒட்டிப் போகும் மின்கம்பிகளையும் இரண்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஏதோ தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. 2000-ல் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, வீட்டுக்குள் சராசரி காந்தப்புலம் 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சுமார் இரண்டு மடங்கு காணப்பட்டது. அவ்வளவு புலத்தில் வாழ்ந்த குழந்தைகள் மிகச் சிலர். நோயும் அரிதான நோய். 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை '2பி' வகையில் வைத்தது. காரணமாக இருக்கக்கூடும், ஆனால் சான்று போதாது என்று அர்த்தம்.

பிரிட்டனில் 2005-ல் வந்த பெரிய ஆய்வு, லைனிலிருந்து 600 மீட்டர் வரை வாழ்ந்த குழந்தைகளிடம்கூட நோய் சற்று அதிகம் என்றது. அவ்வளவு தூரத்தில் லைனின் காந்தப்புலம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. 2014-ல் அதே ஆய்வைத் தொடர்ந்து பார்த்தபோது, பழைய பத்தாண்டுகளில் தெரிந்த அந்த அதிகரிப்பு பிந்தைய பத்தாண்டுகளில் காணாமல் போயிருந்தது. காரணம் காந்தப்புலம் என்றால் அப்படிக் குறைய வாய்ப்பில்லை.

ஆகவே 'நிரூபணம் ஆகிவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'ஒன்றுமே இல்லை' என்று சொல்பவரையும் அப்படியே ஏற்க வேண்டாம். 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது நியாயமானது: அதிகச் செலவில்லாமல் குறைக்க முடிந்தால் குறையுங்கள். உங்கள் கோரிக்கையை இந்த வரியின் மேல் கட்டுங்கள். பேனரில் 'புற்றுநோய்' என்று மட்டும் எழுதினால், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதிர்த்தரப்பு இன்ஜினியர் அந்த ஒரு சொல்லை உடைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். உங்களுடைய மற்ற நல்ல வாதங்களும் அதோடு போய்விடும்.

கேள்வி: எத்தனை மீட்டர் தள்ளியிருந்தால் பாதுகாப்பு?

ஒரே எண் கிடையாது. காந்தப்புலத்தின் அளவு வோல்டேஜைப் பொறுத்ததல்ல, கம்பியில் ஓடும் கரண்டைப் பொறுத்தது. பெரிய லைனுக்கு நேர் கீழே சில மைக்ரோ டெஸ்லா இருக்கும். 100 மீட்டர் தள்ளிப் போனால் பெரும்பாலும் வீட்டு வயரிங் தரும் புலத்தோடு கலந்துவிடும்.

வரம்புகளும் நாட்டுக்கு நாடு வேறு. சர்வதேச வழிகாட்டி அமைப்பு 2010-ல் பொதுமக்களுக்கு வைத்த வரம்பு 200 மைக்ரோ டெஸ்லா. அது உடனடி பாதிப்பை மட்டும் கணக்கில் கொண்டது. சுவிட்சர்லாந்து வீடு, பள்ளி போன்ற இடங்களுக்குப் புதிய லைன்களிலிருந்து 1 மைக்ரோ டெஸ்லா என்று வைத்திருக்கிறது. இத்தாலி 2003-ல் புதிய லைன்களுக்கு 3 என்று வைத்தது. நெதர்லாந்தில் 2005 முதல், ஆண்டுச் சராசரி 0.4-ஐத் தாண்டும் பட்டைக்குள் புதிதாகக் குழந்தைகள் வாழும் சூழலை உருவாக்க வேண்டாம் என்று அரசு ஆலோசனை சொன்னது. 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எந்த வரம்பு என்று கேளுங்கள்.

கேள்வி: காந்தப்புலம் அளக்கும் மீட்டர் வாங்கி நாங்களே அளக்கலாமா சார்?

தாராளமாக. ஆனால் ஒரு தடவை அளந்த எண்ணை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். கரண்ட் நேரத்துக்கு நேரம் மாறும். அதிகாலை, மதியம், மின்தேவை உச்சத்தில் இருக்கும் மாலை என்று தனித்தனியாக, ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் அளந்து நேரத்தோடு குறித்து வையுங்கள். வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டும் ஒரு முறை பாருங்கள். பல வீடுகளில் மீட்டர் காட்டும் புலம் பின்னால் போகும் லைனுடையதல்ல, சுவருக்குள் இருக்கும் தவறான வயரிங்குடையது. லைன் இன்னும் வரவில்லை என்றால் இப்போதே அளந்து வைப்பது ரொம்ப முக்கியம். பிறகு ஒப்பிட வேறு வழியில்லை.

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்புறம் ஏற்கெனவே லைன் போகிறது. மழை வந்தால் சடசடவென்று சத்தம். துணி காயப்போடும் கம்பியைத் தொட்டால் சுருக்கென்கிறது. ஆபத்தா?

சத்தத்துக்குக் காரணம், கம்பியின் மேல் நீர்த்துளி நிற்கும் இடத்தில் காற்று அயனியாவது. ஆபத்தில்லை. ஆனால் தூக்கம் கெடுவது உண்மையான தொந்தரவு. இரவில் சத்த அளவு எடுக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

சுருக்கென்பது வேறு விஷயம். லைனின் மின்புலம், எர்த் இல்லாத நீளமான உலோகத்தில் மின்னூட்டத்தைத் தூண்டுகிறது. துணிக்கொடிக் கம்பி, தகரக் கூரை, முள்வேலி, ரப்பர் டயரில் நிற்கும் லாரி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வேலி லைனுக்கு இணையாக நீளமாகப் போனால் காந்தப்புலத்தாலும் வோல்டேஜ் ஏறும். பெரும்பாலும் திடுக்கிட வைப்பதோடு சரி, ஆனால் ஏணியில் நிற்பவர் திடுக்கிட்டால் கீழே விழுவார். இவற்றை முறையாக எர்த் செய்து தரும் பொறுப்பை லைன் போடுபவரே ஏற்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டுவதை இன்றே செய்யலாம்.

கேள்வி: பூமிக்கடியில் கேபிளாகப் போடச் சொல்கிறோம். செலவு அதிகம் என்று தட்டிக் கழிக்கிறார்கள்.

செலவு அதிகம் என்பது பொய்யில்லை, பல மடங்கு ஆகும். மாறுமின்னோட்ட (ஏ.சி.) கேபிளுக்கு இன்னொரு தடையும் உண்டு. நீளம் கூடக்கூட, கேபிள் தன்னையே சார்ஜ் செய்துகொள்ளவே கரண்டைச் செலவழிக்கும். அதனால் அதை ஈடுகட்ட இடையில் ரியாக்டர்கள் என்னும் பெரிய சுருள் கருவிகள் வைக்க வேண்டும். பழுதானால் கண்டுபிடித்துச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: கேபிளுக்கு நேர் மேலே நின்றால் காந்தப்புலம் மேல்நிலைக் கம்பிக்குக் கீழே இருப்பதைவிட அதிகமாகக்கூட இருக்கும், ஏனென்றால் அது காலடியில் ஒரு மீட்டர் ஆழத்தில்தான் கிடக்கிறது. சில மீட்டர் விலகினால் சட்டென்று குறைந்துவிடும். மின்புலம் வெளியே வராது.

அதனால் முழு லைனையும் புதை என்று கேட்டால் மறுப்பது அவர்களுக்குச் சுலபம். 'குடியிருப்பை ஒட்டிய இந்த இரண்டு கிலோமீட்டரை மட்டும் புதையுங்கள்' என்றால் பதில் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் மக்கள் எதிர்ப்பு வலுத்த பிறகு 2015-ல், நீண்டதூர நேர்மின் (டி.சி.) தடங்களுக்குக் கேபிளே முதல் தேர்வு என்று சட்டம் கொண்டு வந்தார்கள். நேர்மின்னில் அந்த சார்ஜிங் தொல்லை இல்லை.

கேள்வி: கேபிள் கிடைக்காவிட்டால் வேறு என்னதான் கேட்பது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஒரே கோபுரத்தில் இரண்டு சர்க்யூட், அதாவது பக்கத்துக்கு மூன்று கம்பியாக இரண்டு தொகுதி, போகும் லைன் என்றால், பேஸ் வரிசையை, அதாவது அந்த மூன்று கம்பிகளின் அடுக்கை, மாற்றி அமைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மேலிருந்து கீழாக ஆர், ஒய், பி என்றால் மறுபக்கம் பி, ஒய், ஆர். இரண்டிலும் கரண்ட் ஒரே திசையில் போகும்போது இரு பக்கத்துப் புலங்களும் ஒன்றையொன்று பெருமளவு ரத்து செய்துவிடும். விலகிப் போகப் போக இன்னும் வேகமாகக் குறையும். வடிவமைப்புக் கட்டத்தில் கேட்டால் இதற்குப் பெரிய செலவே இல்லை, கம்பி இழுத்த பிறகு கேட்டால் பெரிய வேலை. நிறைய ஊர்களில் இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமை.

கேள்வி: அண்ணா, கோபுரத்துக்குக் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது எதிர்த்து நிறுத்த முடியுமா?

தம்பி, வழித்தடம் வரைபடத்தில் பென்சில் கோடாக இருக்கும்போதுதான் அதை நகர்த்துவது எளிது. குழி தோண்டியாகிவிட்டால் கோபுரத்தின் உயரம், உங்கள் நிலத்தில் கால் விழும் இடம், பயிர் மற்றும் மர இழப்பீடு, வேலை நேரம் இவற்றில்தான் பேச இடம் உண்டு. அதை விட்டுவிடாதே.

கோபுரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு நேர்மின் லைனை விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். இரவில் போல்ட்டுகள் கழற்றப்பட்டுக் கோபுரங்கள் சாய்ந்தன. அவர்கள் கோபம் நியாயமானது, ஆனால் லைன் ஓடத்தான் செய்தது.

கேள்வி: நாங்கள் எதிர்த்தால் லைன் பக்கத்து ஊருக்குப் போகும். இது சுயநலம் இல்லையா?

அந்த ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வழி வகுக்கிறவர்களுக்கு இரண்டு ஊர் தனித்தனியாகச் சண்டை போடுவது வசதி. இரண்டு ஊரும் சேர்ந்து, வீடுகள் மிகக் குறைவாக உள்ள மூன்றாவது பாதையை வரைபடத்தோடு கொண்டுவந்தால் நிலைமையே வேறு. எந்தப் பாதையில் 100 மீட்டருக்குள் எத்தனை வீடு, எத்தனை பள்ளி என்று நீங்களே நடந்து எண்ணிப் பட்டியல் போடுங்கள். இருக்கும் லைனுக்கு இணையாகவோ, நெடுஞ்சாலை ஓரமாகவோ கொண்டுபோக முடியுமா என்றும் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது.

லைனுக்கு நேர் கீழே அதிக நேரம் நிற்க வேண்டாம். கருவியின் மாடலைச் சொல்லி இதய மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டுக்குள் மின்புலத்தைச் சுவரும் கூரையும் பெரும்பாலும் தடுத்துவிடும்.

கேள்வி: லைன் ரொம்ப உயரத்தில் போகிறது. கீழே மாடி எடுக்கலாமா?

கூடாது. காலையில் பார்த்த உயரம் மதியம் இருக்காது. வெயிலாலும் ஓடும் கரண்டாலும் கம்பி சூடேறி நீண்டு தொய்யும். கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் போனாலே காற்றைத் தாண்டி மின்சாரம் பாயும். கான்கிரீட்டுக்கான இரும்புக் கம்பியை மேலே தூக்கும்போதும், காய் பறிக்கும் அலுமினியத் துரட்டியாலும் உயிர் போயிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட இடைவெளியை லைன் அலுவலகத்தில் எழுத்தில் வாங்காமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.