"நான் வேஸ்ட்" என்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது? கேள்வி பதில்

ஞாயிறு பள்ளியிலும் வாலிபப் பிள்ளைகள் மத்தியிலும் பல வருடங்களாக இருப்பவள் என்பதால் இந்தக் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். பெற்றோர், ஆசிரியர்கள், ஒரு தாத்தா, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி எனப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வசனங்கள் நாம் பழகிய பழைய பைபிளில் உள்ளபடியே.

கேள்வி: ஸ்தோத்திரம் அக்கா. மகனுக்கு ஒன்பது வயது. மார்க் குறைந்தால் "நான் வேஸ்ட்" என்கிறான். "இயேசப்பா உன்னை நேசிக்கிறார்டா" என்றால், "அவர் எல்லாரையும்தானே நேசிக்கிறார்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வேறு என்ன சொல்ல?

பதில்: உங்கள் மகன் கெட்டிக்காரன். ஊருக்கெல்லாம் பொதுவானது தனக்கென்று வந்ததாகுமா என்று கேட்கிறான். நியாயமான கேள்விதான். அதை வாதம் செய்து ஜெயிக்க முடியாது.

இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறியபோது வந்த சத்தத்தைப் பாருங்கள்: "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" (மத்தேயு 3:17). அதற்கு முன் அவர் பிரசங்கம் செய்ததாகவோ அற்புதம் செய்ததாகவோ மத்தேயு எழுதவில்லை. ஊழியம் தொடங்கும் முன்பே பிரியம் சொல்லப்பட்டாயிற்று. நம் வீடுகளில் வரிசை தலைகீழ். ரிப்போர்ட் கார்டு வந்த பிறகுதான் பிரியம் எட்டிப் பார்க்கும். நாம் சொல்லித்தரும் வசனத்தைவிட இந்த வரிசையைப் பிள்ளை சீக்கிரம் கற்றுக்கொள்கிறது.

அதனால், மார்க் தெரியவரும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் கவனமாக இருங்கள். பேப்பரை வாங்குங்கள், பாருங்கள், கீழே வையுங்கள். பெருமூச்சு வேண்டாம். அவன் "நான் வேஸ்ட்" என்றதும் "இல்லடா, நீ சூப்பர்" என்று பாயாதீர்கள். அவன் சொன்னதை நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் அவனுக்குத் தோன்றும். "எந்தக் கேள்விகிட்ட வந்தப்போ அப்படித் தோணுச்சு?" என்று கேளுங்கள். பாதிப் பிள்ளைகள் அங்கேயே கணக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தங்களைப் பற்றிய தீர்ப்பு கொஞ்சம் தள்ளிப்போகும்.

அப்புறம் வேறொரு நேரத்தில், மார்க்குக்குச் சம்பந்தமில்லாமல், குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள். "நேத்து தங்கச்சி அழுதப்போ நீதான் கட்டிலுக்கு அடியில போய் அவ பொம்மையை எடுத்துக் கொடுத்த. நான் பார்த்துட்டுதான் இருந்தேன்." இப்படிச் சொல்லும்போதுதான் "எல்லாரையும்தானே" என்ற அவன் வாதம் உடையும். தலையிலுள்ள மயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று இயேசு சொன்னதும் (மத்தேயு 10:30) ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறிந்த நேசத்தைப் பற்றித்தான். ஆனால் தன்னையும் ஒருவர் அப்படிப் பார்க்கிறார் என்பதை அவன் முதலில் வீட்டில் ருசி பார்க்க வேண்டும்.

இன்னொன்று. "நீ புத்திசாலி" என்ற பாராட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலித்தனத்துக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். புத்திசாலி என்ற பட்டம் மார்க்கினால் வந்தால் மார்க்கினாலேயே போய்விடும் அல்லவா?

கேள்வி: சுயமதிப்பு, தன்னம்பிக்கை எல்லாம் உலகத்தின் பேச்சம்மா. நாம் பாவிகள் என்றல்லவா பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்? பேரப்பிள்ளைகளுக்குப் பெருமை தலைக்கேறிவிடாதா?

பதில்: ஐயா, உங்கள் பயம் வீண் பயமல்ல. ஆனால் வேதம் மூன்றாம் அதிகாரத்தில் தொடங்கவில்லை. பாவம் ஆதியாகமம் 3-இல் வருகிறது. தேவசாயல் 1:27-லேயே வந்துவிடுகிறது. வீழ்ச்சியோடு அந்தச் சாயல் அழிந்துபோனதாகவும் வேதம் பேசவில்லை. ஜலப்பிரளயத்துக்குப் பிறகும் மனிதனைக் கொல்லக்கூடாது என்பதற்கு அதுவேதான் காரணமாகச் சொல்லப்படுகிறது (ஆதியாகமம் 9:6). தேவசாயலில் உண்டான மனுஷரைச் சபிக்கிறோமே என்று நிருபம் எழுதிய யாக்கோபும் வருத்தப்படுகிறார் (யாக்கோபு 3:9). லூக்கா 15-இல் காணாமற்போன வெள்ளிக்காசு தொலைந்ததால் செல்லாக்காசு ஆகிவிடவில்லை. விலை குறையாததால்தான் அந்தப் பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடினாள்.

பாவத்தைச் சொல்லித்தாருங்கள், வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். "நீ செய்தது தப்பு, போய் மன்னிப்புக் கேள்" என்பது பிள்ளையை உயர்த்தும், சரிசெய்ய முடிந்தவனாக அவனை நடத்துகிறீர்கள். "நீ உருப்படவே மாட்டே" என்பது வேறு. அதற்கு வேதத்தில் ஆதாரமில்லை. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" (கொலோசெயர் 3:21) என்று பவுல் எழுதியது பெரியவர்களுக்கு.

பெருமை எங்கிருந்து வருகிறது? தேவாலயத்தில் ஜெபித்த பரிசேயன் தன்னை மதித்ததோடு நிற்கவில்லை, "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" என்று தூரத்தில் நின்றவனோடு அளந்து பார்த்தான் (லூக்கா 18:11). நெதர்லாந்தில் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து எடி பிரம்மல்மன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட முடிவும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. "என் பிள்ளை மற்றவர்களைவிட உசத்தி" என்று எண்ணும் பெற்றோரின் பிள்ளைகளிடம் அகந்தை கூடியது. வெறுமனே பாசம் காட்டிய பெற்றோரின் பிள்ளைகளிடம் கூடியது அகந்தையல்ல, சுயமதிப்பு. பாசத்தைக் குறைக்காதீர்கள் ஐயா, ஒப்பிடுவதைக் குறைத்தால் போதும்.

கேள்வி: சேட்டை செய்தால் "இயேசப்பா பார்த்துட்டே இருக்கார்" என்று சொல்லி அடக்குவோம். தவறா?

பதில்: நிறுத்திவிடுங்கள். "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று முதலில் சொன்னவள் ஆகார் (ஆதியாகமம் 16:13). வீட்டைவிட்டு ஓடிவந்து, வனாந்தரத்தில் நீரூற்றண்டையில் இருந்தவளுக்கு அது ஆறுதலாக வந்த வார்த்தை. அதைக் கண்காணிப்பு கேமரா ஆக்க வேண்டாம்.

கேள்வி: ஞாயிறு பள்ளி ஆசிரியை நான். மனப்பாட வசனம் சொல்பவர்களுக்குச் சார்ட்டில் ஸ்டார் ஒட்டுகிறோம். இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு மட்டும் ஸ்டாரே கிடைப்பதில்லை. சார்ட்டை எடுத்துவிடலாமா?

பதில்: எடுத்துவிடலாம் என்பதுதான் என் கட்சி. ஸ்டார் ஒட்டும் நேரத்தில் சார்ட்டைப் பார்க்காமல் அந்த மூன்று பேரின் கைகளைப் பாருங்கள். ஒருவன் செருப்பின் வாரை அவிழ்த்து மாட்டிக்கொண்டிருப்பான். ஒருத்தி பைபிளின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடுவாள். "தேவன் உன்னை இருக்கிறபடியே ஏற்றுக்கொள்கிறார்" என்று அன்றைய பாடத்தில் நீங்கள் எவ்வளவு அழகாகச் சொல்லியிருந்தாலும், பெயருக்கு நேரே காலியாகக் கிடக்கும் கட்டம் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

மனப்பாடம் நல்லதுதான், விட வேண்டாம். வகுப்பே சேர்ந்து சொல்லட்டும். பாட்டாகச் சொல்லலாம், சைகையோடு சொல்லலாம், ஆளுக்கொரு வார்த்தையாகவும் சொல்லலாம். பரிசு கொடுத்தே தீர வேண்டுமென்றால் முழு வகுப்புக்கும் கொடுங்கள்.

காணிக்கைப் பை எடுப்பது, புதிதாக வந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைப்பது மாதிரி பொறுப்புகளை அந்த மூன்று பேருக்கும் கொடுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: "இவன் உபயோகமாயிருக்கிறான், அதனால் அருமையானவன்" என்று அது மாறிவிடக் கூடாது. இயேசு ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்து கொடுத்த ஐந்து வாற்கோதுமை அப்பத்தை வைத்திருந்த பையனை நாம் அப்படித்தான் பாடமாக்குகிறோம். அப்பமே கொண்டுவராத பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள், அவர்களும் வயிறு நிறையத்தான் சாப்பிட்டார்கள்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 15 வயது. போட்டோவில் என் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை. என் தங்கை அழகு. "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்று அம்மா சொல்கிறார்கள். அப்படியென்றால் முகம் நல்லா இல்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: சரியாகப் பிடித்துவிட்டாய் கண்ணம்மா. அந்த வசனத்தை ஆறுதல் பரிசு மாதிரி கொடுத்தால் அப்படித்தான் வலிக்கும். சாமுவேலுக்கு அது சொல்லப்பட்டது தாவீதின் அண்ணன் எலியாபின் முகத்தையும் சரீர வளர்ச்சியையும் பார்த்து அவர் மயங்கியபோது. அழகானவனைப் பார்த்து ஏமாறாதே என்று பெரியவருக்குக் கொடுத்த கண்டிப்பு அது. அழகில்லாதவர்களைச் சமாதானப்படுத்தச் சொன்னதல்ல.

உனக்கு லேயாளைத் தருகிறேன். தங்கை ராகேல் அழகி என்று வேதமே ஒளிக்காமல் சொல்கிறது. லேயாளின் மனவலியையும் மறைக்கவில்லை. அவள் "அற்பமாய் எண்ணப்பட்டாள் என்று கர்த்தர் கண்டு" (ஆதியாகமம் 29:31) என்று இருக்கிறது. அவள் வயிற்றில்தான் யூதா பிறந்தான். தாவீதும் இயேசுவும் வந்த வம்சம் அது. அதற்காக அவள் கண்ணாடி முன் அழாமல் இருந்திருப்பாள் என்று நான் சொல்ல மாட்டேன்.

உடனே செய்யக்கூடியது ஒன்று: செல்பிகளைப் பெரிதாக்கிப் பார்ப்பதை நிறுத்து. அத்தனை அருகில் வைத்து யாரும் உன் முகத்தைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டைத் தவிர்க்கத் தொடங்கியிருந்தால் மட்டும் அம்மாவிடம் மறைக்காதே.

கேள்வி: மகனுக்குத் திக்குவாய். சபையில் வேத வாசிப்புக்குக் கூப்பிட்டால் நடுங்குகிறான். விசுவாசத்தோடு வாசிக்க வைக்கலாமா?

பதில்: கட்டாயப்படுத்த வேண்டாம். தனியாகத் திக்குகிறவர்களுக்கும் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது திக்கல் வெகுவாகக் குறையும். பேச்சுப் பயிற்சியாளர்கள் நன்கு அறிந்த விஷயம் இது. இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து ஒரு சங்கீதத்தை வாசிக்கட்டும், அவன் சம்மதித்தால் மட்டும். "திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்று மோசே சொன்னபோது கர்த்தர் அவன் நாவை மாற்றியதாக எழுதியில்லை. ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். மேடைக்குக் கூப்பிட்டு, எல்லார் முன்னும் அவன் நாவுக்காக ஜெபிப்பதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். பயிற்சிக்குக் கூட்டிப்போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மகளின் அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார். "பரமபிதா உன் அப்பா" என்றால் என் மகள் எழுந்து போய்விடுகிறாள்.

பதில்: எழுந்து போகட்டும் சகோதரி, அதைக் கலகமென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "அப்பா" என்றால் திரும்பி வராதவர் என்றுதான் இப்போது அவளுக்குத் தெரியும். வேதம் வேறு வாசல்களையும் திறந்து வைத்திருக்கிறது. "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்" (ஏசாயா 66:13). தேற்றுகிற தாயை அவள் தினமும் பார்க்கிறாள். தகப்பனும் தாயும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்கிற சங்கீதம் 27:10 பிறகு வரட்டும், அவளாகக் கேட்கும்போது.

கேள்வி: 13 வயது மகள் "நான் இல்லாமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது" என்று எழுதி வைத்திருந்தாள். உபவாசம் இருந்து ஜெபிக்கிறோம். டாக்டரிடம் போவது அவிசுவாசம் ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. இன்றைக்கே போங்கள். அவளைத் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் கூர்மையானவற்றையும் எட்டாமல் வையுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

"போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவை யாரும் கடிந்துகொள்ளவில்லை. தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பாடு (1 இராஜாக்கள் 19). உபதேசம் ஒன்றும் இல்லை. ஜெபத்தை விடாதீர்கள், மருத்துவரையும் விடாதீர்கள். "விசுவாசம் குறைந்ததால் இப்படி" என்று யாரும் அவள் காதில் போடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கேள்வி: இரண்டு பையன்கள். பெரியவனைப் பாராட்டினால் சின்னவன் "அப்ப நான்?" என்கிறான். என்ன செய்வது?

பதில்: பேதுருவும் யோவானைக் காட்டி "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?" என்று கேட்டவர்தான். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்று பதில் வந்தது (யோவான் 21:22). நீங்களும் அதிகம் விளக்க வேண்டாம். "இப்ப அண்ணனைப் பத்திப் பேசிட்டிருக்கேன், உன்னைப் பத்திப் பேச உன்கிட்ட தனியா வர்றேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி போங்கள். ரிப்போர்ட் கார்டுகளையும் ஒரே மேஜையில் பரப்பாமல், ஒவ்வொருவனோடும் தனியாக உட்கார்ந்து பாருங்கள்.