ஒரு பானை ஓட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 53. கூட்டுறவு வங்கியில் வேலை. பண்டைய கிரேக்க வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று பள்ளி நாளிலிருந்தே ஆசை. மூன்று முறை ஆரம்பித்து, பெயர்கள் குழம்பி விட்டுவிட்டேன். கிரேக்க மொழி தெரியாமல் படிப்பதில் பயன் உண்டா? இந்த வயதில் மனதில் நிற்குமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மூன்று முறை விட்ட பிறகும் கேட்கிறீர்களே, அந்த ஆசையை விட்டுவிடாதீர்கள். டிராய் போரில் தொடங்கி அலெக்சாந்தர் வரை ஒரே மூச்சில் படிக்கப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் படித்தால் யாருக்கும் குழம்பும். இந்தத் தடவை ஒரே ஊர், சுமார் நூறு ஆண்டு போதும். கி.மு. 490இல் பாரசீகரோடு நடந்த மாரத்தான் போரிலிருந்து கி.மு. 399இல் சாக்ரடீஸ் நஞ்சு குடித்தது வரை, ஏதென்ஸ் மட்டும்.

முதலில் ஒரு பானை ஓட்டைப் பாருங்கள். 'இவர் ஊரில் இருக்க வேண்டாம்' என்று நினைப்பவரின் பெயரை ஏதென்ஸ் குடிமக்கள் உடைந்த ஓட்டில் கீறிப் போடுவார்கள். குறைந்தது 6,000 ஓடுகள் விழ வேண்டும். அதிக ஓடு யார் பெயரில் விழுந்ததோ, அவர் பத்து நாளில் ஊரை விட்டுப் போய், பத்து ஆண்டு வெளியே இருக்க வேண்டும். குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது. சொத்து மட்டும் அவருடையதே.

ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் சரிவில் ஒரு பழைய கிணற்றில் சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளீஸ் பெயர். கி.மு. 480இல் பாரசீகருக்கு எதிரான சலாமிஸ் கடற்போரை வென்று தந்தவர் அவர்! அத்தனை ஓடுகளையும் எழுதியவர்கள் பதினான்கு பேர்தான் என்று கையெழுத்தை வைத்துக் கண்டார்கள். யாரோ முன்கூட்டியே எழுதி, விநியோகிக்கத் தயாராக வைத்திருக்கிறார்கள். கூட்டுறவுச் சங்கத் தேர்தல்களைப் பக்கத்திலிருந்து பார்த்த உங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பதினெட்டு வயதில் இது வெறும் தகவல். 53 வயதில் நன்றாகவே மனதில் நிற்கும்.

பெயர்க் குழப்பத்துக்கும் அந்த ஓட்டிலேயே வழி இருக்கிறது. 'தெமிஸ்டோக்ளீஸ், நியோக்ளீஸின் மகன்' என்று அப்பா பெயரோடு எழுதினார்கள், நாம் இனிஷியல் போடுவதுபோல. நீங்களும் ஒரு நோட்டில் அப்படியே குறித்து வாருங்கள்.

மொழி தெரியாவிட்டாலும் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் 24 எழுத்துகளை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். ஆல்ஃபா, பீட்டா, தீட்டா, பை எல்லாம் கணக்குப் பாடத்தில் பார்த்தவைதானே? ஓட்டில் உள்ள பெயரைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும் சந்தோஷத்தை இழக்காதீர்கள்.

அப்புறம், இக்காலத்தவர் எழுதிய வரலாற்றுப் புத்தகங்களைவிடப் பழங்கால ஆசிரியர்களிடமே நேராகப் போங்கள். புளூட்டார்க் எழுதிய தெமிஸ்டோக்ளீஸ் வாழ்க்கை சின்னதுதான். பல நூற்றாண்டு கழித்து எழுதியவர் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அடுத்து, பாரசீகப் போர்களின் வரலாற்றை எழுதிய ஹெரோடோட்டஸ்: மாரத்தானுக்கு ஆறாம் புத்தகம், சலாமிஸுக்கு எட்டாவது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் பெர்சியஸ் மின்நூலகத்தில் இலவசம். காதால் கேட்பது வசதி என்றால், யேல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ககன் நடத்திய 24 வகுப்புகள் இணையத்தில் இருக்கின்றன. வாரம் ஒன்று போதும், ஆறு மாதத்தில் முடித்துவிடுவீர்கள்.