ஹாலிவுட் குணச்சித்திர நடிகர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

வால்டர் பிரெனன். பழைய கௌபாய் படங்கள் பார்ப்பவர்களுக்கு முகம் தெரிந்திருக்கும், பெயர் தெரிந்திருக்காது. காலை இழுத்து நடந்துகொண்டு, கீச்சுக்குரலில் ஓயாமல் புலம்பும் பொக்கைவாய்க் கிழவர்.

நடிப்புக்காக மூன்று ஆஸ்கர் வாங்கிய முதல் ஆள் இவர்தான். கம் அண்ட் கெட் இட் (1936), கென்டக்கி (1938), தி வெஸ்டர்னர் (1940). துணை நடிகருக்கு என்று விருது கொடுக்க ஆரம்பித்ததே 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். முதல் விருதே இவருக்கு. அப்போது எக்ஸ்ட்ரா நடிகர்களுக்கும் ஓட்டு இருந்தது. தங்களில் ஒருவராக இருந்து மேலே வந்தவர் என்பதால் அவர்கள் இவருக்கே குத்தினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டுமே. தி வெஸ்டர்னரைப் பாருங்கள். மதுக்கடையையே கோர்ட்டாக்கி, இஷ்டத்துக்குத் தூக்கில் போடும் நீதிபதி ராய் பீன். லில்லி லாங்ட்ரி என்ற நடிகையின் பெயரைச் சொன்னால் மட்டும் உருகிவிடுவார். ஹீரோ கேரி கூப்பர்தான், ஆனால் படம் முடிந்ததும் மனதில் நிற்பது பிரெனன்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து சொச்சம்! 1894இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர், முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். 1930களின் தொடக்கத்தில் ஒரு விபத்தில் பற்கள் பல போய்விட்டன. பல்செட்டைக் கழற்றினால் போதும், கிழவர் ரெடி. வாய்ப்புக் கேட்டுப் போனபோது “வைத்துக்கொண்டா, இல்லாமலா?” என்று பல்செட்டைப் பற்றி இவர் கேட்டதாக இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் சொல்வார். ஹாக்ஸ் கதை அளப்பதில் மன்னர், பாதி நம்பினால் போதும். ஆனால் அவருடைய ரெட் ரிவர் படத்தில் பிரெனன் சீட்டாட்டத்தில் பல்செட்டையே தோற்றுவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கடன் வாங்கிப் போட்டுக்கொள்வார்.

எப்போதும் ஒரே கிழவர்தானே என்பவர்களுக்கு நான் சொல்வது மை டார்லிங் கிளமென்டைன் (1946). அதில் கிளான்டன் குடும்பத்துப் பெரியவராக, பெற்ற பிள்ளைகளையே சாட்டையால் அடிக்கும் கொடூரன். புலம்பல் இல்லை, சிரிப்பு இல்லை, குரலே வேறு. அப்புறம் ரியோ பிராவோ (1959). சிறையைக் காவல் காக்கும் நொண்டிக் கிழவர் ஸ்டம்பியாக, யாரும் தன்னைப் பாராட்டுவதில்லை என்று படம் முழுக்க அங்கலாய்ப்பார். கடுப்பான ஜான் வெய்ன் தலையில் ஒரு முத்தம் வைக்க, துடைப்பத்தால் ஒரு போடு போடுவார். அந்தக் கிளான்டனும் இந்த ஸ்டம்பியும் ஒரே ஆள் என்று நம்பவே சிரமமாக இருக்கும்.

தி ரியல் மெக்காய்ஸ் தொலைக்காட்சித் தொடரும் அவருக்குப் பெரிய புகழ் தந்தது. எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. அவருடைய தீவிர வலதுசாரி அரசியலோ சுத்தமாகப் பிடிக்காது. 1974இல் காலமானார். புதிதாகப் பார்ப்பவர்கள் ரியோ பிராவோவில் தொடங்குங்கள், கிளமென்டைனை அடுத்த நாளே பார்த்துவிடுங்கள்.