அம்மாவுக்குத் தடுப்பூசி மறுத்தார்கள். சஃபாரிக்குக் கட்டிய பணம் திரும்புமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. ஆப்பிரிக்கக் காட்டு விலங்குகளை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கென்யாவின் மாசாய் மாராவுக்கு ஆகஸ்டில் போக, ஒரு பயண நிறுவனத்தில் இருவருக்கும் சேர்த்து 7,20,000 ரூபாய் கட்டினேன். அம்மாவின் வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பது எல்லாவற்றையும் முன்பதிவின்போதே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன். "கவலைப்படாதீங்க, வீல்சேர் ஏற்பாடு பண்ணிடறோம்" என்றார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும் என்பதைப் புறப்பட ஆறு வாரம் இருக்கும்போதுதான் சொன்னார்கள். தடுப்பூசி மைய மருத்துவர் அம்மாவின் வயதையும் உடல்நிலையையும் பார்த்துவிட்டு, போட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ரத்து செய்யக் கேட்டால், 45 நாளுக்குள் ரத்து என்றால் ஒரு பைசாவும் வராது என்கிறார்கள். ஊழியர் ஒருவர், "ஊசி போட்ட மாதிரி அட்டை வாங்கித் தரலாம்" என்றும் சொன்னார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த அட்டை. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய்ச் சான்றிதழ் தயாரிப்பதும், பொய் என்று தெரிந்தே அதைக் காட்டுவதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின்படி குற்றம். விமான நிலையத்தில் பிடிபட்டால் வழக்கு உங்கள் மீதும் அம்மா மீதும்தான் வரும். அந்த ஊழியர் இதை எழுத்தில் சொல்லியிருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஊசி விஷயத்தில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்ப்போம். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா இந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. திரும்பி வரும்போது நம் நாடுதான் கேட்கிறது. கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வருபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸைக் கொண்ட தடுப்பூசி. 60 வயதைக் கடந்தவர்களுக்கு முதல்முறை போடும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு அரிதுதான் என்றாலும் இளையவர்களைவிட அதிகம். ஆகவே அந்த மருத்துவர் செய்தது சரி.

கென்யாவுக்கு ஆள் அனுப்பிப் பிழைக்கும் நிறுவனத்துக்கு இது அன்றாடப் பாடம். 76 வயது, ஸ்டென்ட் என்று கேட்ட நொடியிலேயே, "பணம் கட்டும் முன் தடுப்பூசி மையத்தில் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு, இழப்பை உண்டாக்கும் கவனக்குறைவையும், தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நிரூபிப்பது கடினம். கவனக்குறைவு என்று வாதாடுங்கள், அதுவே போதும்.

அவர்கள் என்ன சொல்வார்கள்? "விசா, தடுப்பூசி எல்லாம் பயணியின் பொறுப்பு" என்று படிவத்தில் ஒரு வரி இருக்கும், அதை நீட்டுவார்கள். அதற்குக் கொஞ்சம் பலம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதி நுகர்வோரை முழுதாகக் கட்டிப்போடாது என்று 2019இல் பயனியர் அர்பன் லேண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது அடுக்குமாடி வீடு வாங்கியவரின் வழக்குதான் என்றாலும் அதன் தத்துவம் இங்கேயும் பொருந்தும். அப்புறம், "மருத்துவ விலக்குக் கடிதத்தோடு போயிருக்கலாமே" என்பார்கள். அப்படி ஒரு கடிதத்துக்குச் சர்வதேசச் சுகாதார விதிகளில் இடம் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து முடிவெடுப்பது விமான நிலையச் சுகாதார அதிகாரி. ஆறு நாள் தனிமை நேரலாம் என்று தெரிந்தே இதய நோயாளியான ஒரு முதியவர் கிளம்ப வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

முழுப் பணத்தையும் பிடித்துக்கொள்வது தனிக் கேள்வி. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டுக்குத்தான் வழிவிடுகிறது. ஆகவே எதற்கு எவ்வளவு செலவானது என்று கணக்குக் கேளுங்கள். விமான டிக்கெட்டில் வரியும் விமான நிலையக் கட்டணங்களும் ரத்தானாலும் திரும்ப வர வேண்டியவை. ஜூலை முதல் டிசம்பர் வரை மாசாய் மாராவில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணமே ஒரு நாளுக்கு 200 டாலர். அதைக் கட்டிவிட்டார்களா, ரசீது எங்கே என்று கேளுங்கள். பயணத் தொகையோடு சேர்த்து நிறுவனம் முன்கூட்டியே வருமான வரியாக வசூலித்த டிசிஎஸ் (மூலத்தில் வசூலிக்கும் வரி) தொகை உங்கள் பான் கணக்கில் வரவாகியிருந்தால் அதை நீங்களே வரித் தாக்கலில் கோரலாம். பயணக் காப்பீட்டை இந்த விஷயத்தில் பெரிதாக நம்பாதீர்கள். பாலிசியில் பட்டியலிட்ட காரணத்துக்குத்தான் ரத்துச் செலவு கிடைக்கும். ஊசி மறுக்கப்பட்டது அதில் இருப்பது அபூர்வம்.

இப்போதே ரத்தை மின்னஞ்சலில் எழுத்தாகக் கொடுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் அவர்கள் செலவு ஏறும், அது உங்கள் தலையில் விழும். மருத்துவர் எழுதிய தாளை இணைத்து, இது மனம் மாறியதால் வந்த ரத்து அல்ல என்று குறிப்பிட்டு, 15 நாள் அவகாசம் கொடுங்கள். கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், நிறுவனத்தின் ஊருக்கு அலைய வேண்டாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய், கால வரம்பு இரண்டு ஆண்டு. அம்மா பெயரையும் புகாரில் சேருங்கள். பணம் நீங்கள் கட்டியிருந்தாலும் சேவையைப் பெற இருந்தவர் என்ற முறையில் அவரும் நுகர்வோரே. விசாரணைக்குக் காணொளி வழியாக வரவும் கேட்கலாம். வாட்ஸ்அப் உரையாடலைத் தேதி தெரியும்படி அச்செடுத்து, பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றோடு வையுங்கள். போனை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முழுத் தொகையையும் கேளுங்கள், ஆனால் அவர்கள் உண்மையாகச் செலவழித்ததைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தர முன்வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். அம்மாவின் ஆசை அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இல்லை. குரூகர் தேசியப் பூங்காவில் ஆகஸ்ட் வறண்ட காலம். நீர்நிலைகளில் விலங்குகள் கூடும், புதர்கள் மெலிந்திருப்பதால் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அம்மாவின் இதய மருத்துவர் சம்மதித்தால், கட்டிய பணத்தை அந்தப் பயணத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். சரி என்றால், எவ்வளவு வரவு வைக்கிறார்கள், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், மறுபடி உடல்நிலை காரணமாக ரத்தானால் என்ன என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே சமாதானக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.